பிரிக்காத உறைகள்

நியூயார்க்கிலிருந்து வடக்கே போகும் ரயிலில் ஏறினால் முக்கால் மணி நேரத்துக்குள் வொயிட் பிளெயின்ஸ் வந்துவிடும். அங்கே ஒரு பல் டாக்டர் கிளினிக்குக்கு மாடியில், இரண்டே அறை கொண்ட வரிக்கணக்கு அலுவலகத்தில் பதினோரு சீசன் வேலை பார்த்தேன். எங்கள் தொழிலில் வருஷக்கணக்கு கிடையாது, சீசன் கணக்குதான். ஜனவரிக் கடைசியில் சூடு பிடிக்கும், வரி ரிட்டர்னுக்குக் கடைசி நாளான ஏப்ரல் 15 நள்ளிரவோடு அடங்கும். அதுவரை மதியச் சாப்பாடு கம்ப்யூட்டர் முன்னால்தான். கீபோர்டில் தயிர் சாதப் பருக்கை சிந்தி, எண் 7 மட்டும் ஒரு வாரம் ஒட்டிக்கொண்டே இருந்தது.

வருபவர்கள் பிளம்பர்கள், முடிதிருத்துபவர்கள், கல்யாணங்களில் பாட்டு போடும் டி.ஜே.க்கள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிப்பவர்கள். மாதச் சம்பளக்காரர் அபூர்வம். சம்பளக்காரருக்கு முதலாளியே வரியைப் பிடித்துக்கொண்டு டபிள்யூ-2 என்ற தாளைக் கொடுத்துவிடுவார். மற்றவர்களுக்கு வருவது 1099. அதில் பணம் முழுசாகக் கைக்கு வந்துவிடும். வரியை நாமேதான் எடுத்துவைத்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்ட வேண்டும். கையில் முழுசாக வந்த பணத்தில் மூன்றில் ஒரு பங்கு நம்முடையதே இல்லை என்று ஒருவரை நம்பவைப்பதுதான் என் வேலையில் பாதி.

என் முதலாளி பக்கத்து ஊரான யாங்கர்ஸில் பிறந்து வளர்ந்தவர். சாயந்திரம் ஏழு மணிக்கு மேல் போன் நின்றதும் அவர் அறையிலிருந்து டி.எம்.எக்ஸ் என்ற ராப் பாடகரின் குரல் கேட்கும். கரகரத்த குரல், நடுநடுவே நாய் குரைப்பு, உறுமல். முதல் சீசனில் எனக்கு அது யாரோ யாரையோ மிரட்டுவது போலத்தான் இருந்தது. "எங்க ஊர்ப் பையன்" என்பார் முதலாளி. அந்தப் பையனுக்கு அப்போதே நாற்பது தாண்டிவிட்டது.

2017 ஜூலையில் ஒருநாள் காலையில் அவர் ஒரு கத்தைத் தாளை என் மேஜையில் போட்டார். டி.எம்.எக்ஸ் என்கிற ஏர்ல் சிம்மன்ஸ் மீது மன்ஹாட்டன் ஃபெடரல் கோர்ட்டில் வரி ஏய்ப்பு வழக்கு, 14 குற்றச்சாட்டுகள். "படி. நம்ம தொழிலுக்கு இதைவிடப் பாடப்புத்தகம் கிடையாது" என்றார்.

படித்தேன். நகைச்சுவை மாதிரியும் இருந்தது, வயிற்றைப் பிசைவது மாதிரியும் இருந்தது. 2000 முதல் 2005 வரையிலான வருமானத்துக்கு அவர் கட்டாமல் வைத்திருந்த வரி 17 லட்சம் டாலர். 2005-ல் ஐ.ஆர்.எஸ். என்ற அமெரிக்க வரித்துறை அதை வசூலிக்கத் தொடங்கியதும் அவர் தன் பெயரில் பேங்க் கணக்கு வைத்துக்கொள்வதையே தவிர்த்தார். ராயல்டி வேறு ஆட்களின் கணக்குக்குப் போகும். அங்கிருந்து செலவுக்கு ரொக்கமாக வரும். 2010 முதல் 2015 வரை 23 லட்சம் டாலருக்கு மேல் சம்பாதித்தும் ரிட்டர்ன் தாக்கல் செய்யவில்லை. ஒரு டி.வி. ரியாலிட்டி நிகழ்ச்சிக்கு 1,25,000 டாலர் பேசியிருந்தார்கள். வரி பிடித்து முறையாகத்தான் செக் கொடுத்தார்கள். பிடித்தம் இல்லாமல் வேறு செக் தரும்வரை படப்பிடிப்புக்குச் சரியாக ஒத்துழைக்கவில்லை. 2013-ல் திவால் மனு போட்டபோது, 2011, 2012 வருமானம் என்ன என்ற இடத்தில் 'தெரியாது' என்று எழுதிவிட்டு, 2013-க்கு 10,000 டாலர் என்று போட்டிருந்தார்.

அந்த செக் விஷயம்தான் எனக்கு ஆறவில்லை. கட்டாதவர்களில் எனக்குத் தெரிந்து இரண்டு ரகம் உண்டு. கணக்கே புரியாமல் விட்டவர்கள் ஒரு ரகம். புரிந்து விட்டவர்கள் இன்னொரு ரகம். பிடித்தம் இல்லாத செக் கேட்பவருக்குப் பிடித்தம் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். "உங்க ஊர்ப் பையன் திருடன்" என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "ஆமாம்" என்று சொல்லிவிட்டுக் காபி எடுக்கப் போனார்.

டி.எம்.எக்ஸ் நவம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஜனவரியில் போதைப்பொருள் பரிசோதனைகளில் தேறாமல் ஜாமீன் ரத்தாகி உள்ளே போனார். 2018 மார்ச் 28-ல் தண்டனை. அதாவது எங்கள் சீசனின் உச்சத்தில்.

அதே வாரத்தில்தான் அவன் வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது டி.ஜே. கையில் ஒரு ஷூ டப்பா. மூடியைத் திறந்தால் உள்ளே உறைகள், நின்ற வாக்கில் நெருக்கமாக அடுக்கியிருந்தன. ஓரத்தில் காபிக் கறை பட்டவை, பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய பதிவுத் தபால்கள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. ஆனால் தேதி வாரியாக இருந்தன! வருஷம் மாறும் இடத்தில் ஒரு அட்டைத் துண்டு வேறு செருகியிருந்தான். பிரிக்காத கடிதங்களை இவ்வளவு பத்திரமாக வைத்திருந்தவனை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

கத்தியால் ஒவ்வொன்றாகக் கிழித்தேன். முதலில் வந்தது சி.பி.14, இவ்வளவு பாக்கி, கட்டுங்கள் என்று பணிவாகச் சொல்லும் தாள். அப்புறம் நினைவூட்டல்கள். கடைசியில் சி.பி.504, சொத்தில் கை வைப்போம் என்பது. அவன் முழங்கால் மேஜைக்கு அடியில் ஆடிக்கொண்டே இருந்தது. என் பேனா ஸ்டாண்டும் சேர்ந்து ஆடியது. பாக்கி ஒன்றும் பிரமாதமில்லை, நாலாயிரத்துச் சொச்சம். அபராதமும் வட்டியும் ஏறி ஆறாயிரத்தைத் தாண்டியிருந்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரிட்டர்ன் தாக்கல் செய்யாமல் இருந்தால் அபராதம் மாதம் 5 சதவீதம், 25 வரை போகும். தாக்கல் செய்துவிட்டுக் கட்ட முடியாமல் இருந்தால் மாதம் அரை சதவீதம்தான். பணமே இல்லாவிட்டாலும் தாளை மட்டும் அனுப்பு என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். அதைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "படிக்கத் தெரியாதா? ஒரு உறையைப் பிரிக்க எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டேன். அன்றைய செய்தியையும் சேர்த்துவிட்டேன்: "டி.எம்.எக்ஸை எங்கே கொண்டுபோய் வைத்திருக்கிறார்கள் என்று பார்த்தாய் அல்லவா?"

அவன் ஒன்றும் பேசவில்லை. கிழித்த உறைகளை அந்தந்த வருஷத்து இடத்தில் திரும்ப வைத்து, டப்பாவை மூடிக்கொண்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் எடுத்துவருகிறேன் என்று போனான். அதன்பின் வரவில்லை. போன் செய்தால் வாய்ஸ்மெயில் நிரம்பிவிட்டது என்று குரல் வந்தது.

முதலாளி என்னைத் திட்டவில்லை. அன்று ராத்திரி ஏழு மணிக்கு மேல் என்னை உட்காரவைத்து அந்தப் பாடகன் கதையைச் சொன்னார். பாதி அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது. மீதியை நானே பிற்பாடு படித்துச் சேர்த்துக்கொண்டேன்.

1970 டிசம்பரில் மவுன்ட் வெர்னனில் பிறந்த பையன், வளர்ந்தது யாங்கர்ஸ் ஸ்கூல் ஸ்ட்ரீட் அரசுக் குடியிருப்பில். மூச்சிரைப்பு நோய், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடுவது வழக்கம். வீட்டில் அடி. சின்ன வயதில் தெருவைக் கடக்கும்போது குடித்துவிட்டு ஓட்டியவன் கார் மோதியது. நஷ்ட ஈடு வாங்கியிருக்கலாம். குடும்பம் அப்போது யெகோவாவின் சாட்சிகள் சபையில் இருந்தது. மத நம்பிக்கையைக் காரணமாகச் சொல்லி அதை வேண்டாம் என்றுவிட்டார்கள். ஒரு கணக்குக்காரரின் கண்ணுக்கு இது தப்பாது: அவனுக்கு வாழ்க்கையில் முதன்முதலாக வர வேண்டியிருந்த பணம், பெரியவர்கள் எடுத்த முடிவில் வராமலே போனது.

பதினாலு வயதில் வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் யாங்கர்ஸ் தெருக்களில் தெருநாய்களோடு படுத்துத் தூங்கினான். மேடையில் அவர் குரைத்ததும் உடம்பில் நாயைப் பச்சை குத்திக்கொண்டதும் அங்கிருந்து வந்தவை. (2002-ல் நாய்களைச் சரியாகப் பராமரிக்காத வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டவரும் இவர்தான். இந்த மனிதரிடம் எதுவும் ஒரே பக்கமாக நிற்காது.) அப்புறம் தாய் அவனை டாப்ஸ் ஃபெரியில் உள்ள சிறுவர் விடுதிக்கு, சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று கூட்டிப்போய், தாளில் கையெழுத்துப் போட்டு அங்கேயே சேர்த்துவிட்டார்.

"தாள்னாலே அவனுக்கு என்னவா இருந்திருக்கும்னு நினைக்கிறே?" என்றார் முதலாளி. அது கொஞ்சம் வசதியான விளக்கம் என்றுதான் எனக்கு அன்றும் பட்டது, இன்றும் படுகிறது. விடுதியில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பிறர் கணக்கில் ராயல்டி வாங்குவதில்லை. ஆனாலும் அந்தக் கேள்வி நாற்காலியை விட்டு எழுந்த பிறகும் கூடவே வந்தது.

விடுதிகளிலும் தெருவிலும்தான் அவன் இசை கற்றான். அங்கே புழங்கிய ஓபர்ஹைம் டி.எம்.எக்ஸ் என்ற டிரம் மெஷினின் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டான். அதே பதினாலு வயதில்தான், அவன் குருவாக மதித்த ஒரு மூத்தவன் சொல்லாமல் கொள்ளாமல் கிராக் கோக்கைன் கலந்த சுருட்டைக் கையில் கொடுத்தான். ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரு பேட்டியில் இதைச் சொல்லும்போது அவர் கண்ணீர்விட்டார்.

1998 அவருடைய வருஷம். மே மாதம் டெஃப் ஜாம் என்ற இசை நிறுவனம் வெளியிட்ட முதல் ஆல்பம் அமெரிக்க விற்பனை வரிசையில் முதலிடத்தில் நுழைந்தது. டிசம்பரில் இரண்டாவதும் அப்படியே. 2003-க்குள் வந்த ஐந்து ஆல்பங்களும் முதலிடத்தில்தான் தொடங்கின. அந்தப் பாட்டுகளுக்கு நடுவே பிரார்த்தனை இருக்கும். தாளம் கிடையாது, தனிக்குரல், கடவுளோடு நேராகப் பேச்சு. முதலாளி அன்று எனக்குப் போட்டுக்காட்டியது அதைத்தான். குரைத்த அதே தொண்டை. நான் மூன்று சீசன் மிரட்டல் என்று நினைத்த குரல், இங்கே தயவு கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் புகழை ஒட்டி 2000 முதல் 2005 வரை வந்த பணம்தான் குற்றப்பத்திரிகையில் இருந்த 17 லட்சத்துக்கு மூலம். இசைத் தொழிலில் அட்வான்ஸ் என்பது ஒரு விசித்திரமான பண்டம். ஸ்டூடியோச் செலவும் விளம்பரச் செலவில் ஒரு பங்கும் கலைஞனின் ராயல்டியிலிருந்துதான் கழியும். அது கழிந்து தீரும்வரை புதுக் காசு வராது. ஆனால் வரிக்காரருக்கு அட்வான்ஸ் கைக்கு வந்த வருஷமே வருமானம். அட்வான்ஸ் செலவாகிப்போன பிறகுதான் பலருக்கு அதற்கான வரி நினைவுக்கு வரும். எங்களிடம் வந்த சின்ன டி.ஜே.க்களுக்கு இது ஆயிரங்களில் நடந்தது. அவருக்கு லட்சங்களில் நடந்திருக்கலாம். சுற்றி வக்கீலும் மேனேஜரும் இருந்தும்.

தண்டனை நாளில் அவருடைய வக்கீல் நீதிபதி ஜெட் ராகாஃப் முன்னால் 'ஸ்லிப்பின்' பாட்டைப் போட்டுக்காட்டினார். விழுந்தவன் எழுந்திருக்கப் பார்க்கும் பாட்டு. அரசுத் தரப்பு ஐந்து ஆண்டுவரை கேட்டிருந்தது. கிடைத்தது ஓராண்டு, அதோடு 22 லட்சத்து 90 ஆயிரம் டாலர் திருப்பிக் கட்ட வேண்டும். கோர்ட்டில் ஒரு பாட்டைச் சான்றாகப் போட முடியும் என்பதே எனக்குப் புதிது. நாங்கள் ஐ.ஆர்.எஸ்-க்கு அபராதத் தள்ளுபடி கேட்டு எழுதும்போது 'நியாயமான காரணம்' என்று ஒரு பத்தி எழுதுவோம். தீ விபத்து, தீவிர நோய், வீட்டில் சாவு, இப்படித்தான் எழுத முடியும். சின்ன வயதில் நடந்ததை எழுத அங்கே இடம் இருப்பதாக எனக்குத் தோன்றியதே இல்லை.

2019 ஜனவரியில் வெளியே வந்தார். 2020 ஜூலையில் ஸ்னூப் டாக் என்ற இன்னொரு ராப் பாடகரோடு நேரலையில் பாட்டுக்குப் பாட்டு மோதினார். கொரோனாவில் வீட்டில் அடைந்துகிடந்த எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி மறுநாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேசினார்.

2021 ஏப்ரல் 2, புனித வெள்ளி. போதை மிகுந்து மாரடைப்பு. அவரைக் கொண்டுவந்தது எங்கள் ஊர் ஆஸ்பத்திரிக்கு. திங்கட்கிழமை அந்த வழியாகப் போனபோது ஆஸ்பத்திரிக்கு வெளியே கூட்டம். மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக உறுமிக்கொண்டிருந்தன. முகக்கவசத்துக்குள்ளிருந்து ஜனங்கள் கூடவே பாடினார்கள். ஜன்னல்களில் சில நர்ஸ்கள் நின்று பார்த்தார்கள். முதலாளி காரை ஓரம் கட்டினார், இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் கொஞ்சம் இறக்கிவிட்டுப் பத்து நிமிஷம் உட்கார்ந்திருந்தோம். பின்சீட்டில் மூன்று பேருடைய ரிட்டர்ன்கள் கையெழுத்துக்குக் காத்திருந்தன.

9-ம் தேதி அவர் இறந்தார். வயது 50. அந்த வருஷம் கொரோனாவால் கடைசித் தேதி மே 17-க்குத் தள்ளிப்போயிருந்தது. அதனால் எங்கள் சீசன் முடியவில்லை. 24-ம் தேதி யாங்கர்ஸிலிருந்து புரூக்ளின் பார்க்லேஸ் சென்டர் வரை ஆயிரக்கணக்கான மோட்டார் சைக்கிள்கள் சூழ, ராட்சதச் சக்கரம் வைத்த கறுப்பு டிரக்கின் முதுகில் சிவப்புப் பெட்டியில் அவரைக் கொண்டுபோனார்கள். நான் அதைக் கம்ப்யூட்டரின் ஒரு ஓரத்தில் ஓடவிட்டு, மறு ஓரத்தில் ஒரு பிளம்பரின் தேய்மானக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன்.

நடுவில் அந்த ஷூ டப்பாக்காரன் எண்ணை ஒருமுறை போட்டுப் பார்த்தேன். வேறு யாரோ ஸ்பானிஷில் பேசினார்கள்.

இறந்தவருக்கும் ரிட்டர்ன் உண்டு என்பது இந்த வேலைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இறந்த வருஷத்துக்கான கடைசி ரிட்டர்னை அடுத்த ஏப்ரலில் தாக்கல் செய்ய வேண்டும். அப்போது தாளாக அனுப்பினால் முதல் பக்கத்தின் தலையில் 'டிசீஸ்டு', அதாவது இறந்தவர், என்று எழுதி, பக்கத்தில் பெயரும் தேதியும் போட வேண்டியிருந்தது. 2022 சீசனில் எனக்கு அப்படி மூன்று வந்தன. ஒரு சர்ச் ஆர்கன்காரருடையதை அவர் மனைவி கொண்டுவந்தார். தலைப்பில் நான் எழுத, அவர் கீழே கையெழுத்து இடத்தைத் தேடினார். "எங்கே போடணும்? அவர் இடத்திலேயா, என் இடத்திலேயா?" என்று கேட்டார். இடத்தைக் காட்டினேன்.