டம்மி டக் செய்துகொண்டேன்: எட்டு மாத அனுபவம்

போன ஏப்ரல் கடைசியில், பள்ளிக்கு முழு ஆண்டு விடுமுறை விட்ட மறுவாரம், கோயம்புத்தூரில் எனக்கு டம்மி டக் அறுவை சிகிச்சை நடந்தது, அதாவது விலகிய வயிற்றுத் தசையைத் தைத்துச் சேர்த்து, தொங்கும் தோலை வெட்டி எடுப்பது. கூடவே இடுப்பின் இரண்டு பக்கமும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்‌ஷன். இப்போது எட்டு மாதம் ஆகிறது. போவதற்கு முன்னால் நான் தேடிப் படித்ததெல்லாம் ஆபரேஷன் எப்படி நடக்கும் என்பதைத்தான். வீட்டுக்கு வந்த பிறகு நாள் எப்படிப் போகும் என்று தமிழில் யாரும் எழுதி என் கண்ணில் படவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 39. இரட்டைக் குழந்தைகள், சிசேரியன். பிறந்தபோது இரண்டு பேரும் சேர்ந்து ஐந்தரைக் கிலோ. அவர்களுக்கு ஏழு வயதாகியும் என் வயிறு உள்ளே போகவில்லை. நடந்து, சாப்பாட்டைக் குறைத்து, 71 கிலோவிலிருந்து 63க்கு வந்தேன். முகமும் கையும் மெலிந்தன. வயிறு மட்டும் ஆறு மாதம் போலவே நின்றது. ஈரோட்டில் டவுன் பஸ்ஸில் ஏறினால் யாராவது எழுந்து இடம் விடுவார்கள். உட்கார்ந்துகொள்வேன், விளக்கம் சொல்ல வாய் வராது. படுக்கையிலிருந்து நேராக எழுந்தால் தொப்புளுக்கு மேலே நடுவில் கூம்பு மாதிரி ஒரு மேடு எழும்பும். நாலு பீரியட் நின்று பாடம் எடுத்தால் இடுப்பு விட்டுப்போகும்.

முதலில் போனது ஒரு அழகு சிகிச்சை மையத்துக்கு. டாக்டரைப் பார்ப்பதற்கு முன்பே கவுன்சலர் என்று ஒரு பெண் வயிற்றைச் சுற்றி டேப் வைத்து அளந்துவிட்டு, “நாலு லிட்டர் கொழுப்பு எடுத்துடலாம் மேடம், காலைல வந்தா சாயங்காலம் வீட்டுக்குப் போயிடலாம்” என்றார். அன்றைக்கே முன்பணம் கட்டினால் தள்ளுபடி. யார் செய்வார், என்ன படித்தவர் என்று கேட்டேன். “எங்க டாக்டர் டீம்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை. எழுந்து வந்துவிட்டேன். அந்தக் கேள்வியைத் தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள். பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்.சிஎச். அல்லது டி.என்.பி. (இப்போது டிஆர்.என்.பி.) என்ற மேற்படிப்பு முடித்தவரா, மயக்க மருந்து டாக்டர் கூடவே இருப்பாரா, அவசரம் என்றால் ஐசியு அதே கட்டடத்தில் இருக்கிறதா என்று.

அடுத்துப் பார்த்தவர் பிளாஸ்டிக் சர்ஜன். என்னைப் படுக்க வைத்து, தலையை மட்டும் தூக்கச் சொன்னார். தொப்புளுக்கு மேலே விரல்களை வைத்து அழுத்தினார். நாலு விரல் உள்ளே போயிற்று. அப்புறம் என் கையையே எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி தசை, நடுவில் மெத்தென்று ஒன்றுமே இல்லை. ஏழு வருடமாக என் உடம்பில் இருந்த இடைவெளியை அன்றைக்குத்தான் தொட்டுப் பார்த்தேன். “இது கொழுப்பு இல்லைம்மா. கதவு ரெண்டும் விலகி நிக்குது” என்றார்.

கர்ப்பத்தில் வயிற்றின் முன்பக்கத் தசைகள் இரண்டும் விலகுவது இயல்பு. பலருக்குத் தானாகச் சேர்ந்துவிடும். எனக்குச் சேரவில்லை. ஆறு மாதம் பிசியோதெரபி செய்து பார்த்தேன். இடுப்பு வலி கொஞ்சம் குறைந்தது, இடைவெளி அப்படியே இருந்தது. லைப்போசக்‌ஷன் எடுப்பது தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்பை மட்டும்தான். குடலைச் சுற்றி உள்ளே இருக்கும் கொழுப்பை அது தொடாது, தசையைச் சேர்க்காது, தொங்கும் தோலை இறுக்காது. அந்த மையத்தில் நாலு லிட்டர் எடுத்திருந்தால் காலிப் பை மாதிரி தோல் இன்னும் தொங்கியிருக்கும். இதை நினைத்தால் இப்போதும் மனசு படபடக்கிறது.

உடனே தேதி கொடுக்கவில்லை. ஹீமோகுளோபின் 9.6 இருந்தது. இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரை, கீரை, பேரீச்சை என்று 11.8க்கு ஏற்றிய பிறகுதான் சரி என்றார். எடை சில மாதமாவது ஒரே நிலையில் நிற்க வேண்டும், இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவாகியிருக்க வேண்டும், புகைப்பவர்கள் பல வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இன்சூரன்ஸ் கிடைக்கவில்லை. அழகு சிகிச்சைக் கணக்கில் வருவதால் 18 சதவீதம் ஜிஎஸ்டி வேறு. மொத்தத்தில் 2,60,000 ரூபாய் ஆயிற்று. சீட்டுப் பணமும் ஒரு வளையலும் போயின.

ஆபரேஷன் அன்று காலை மறக்க முடியாதது. முந்தின நாளே உள்பாவாடை ஒன்று கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அதை வழக்கமாகக் கட்டும் இடத்தில் கட்டச் சொல்லி, நாடா விழும் கோட்டை மார்க்கர் பேனாவால் வரைந்தார் டாக்டர். தழும்பு அந்தக் கோட்டுக்குக் கீழே போக வேண்டும், நாடா தினமும் தழும்பின் மேல் அழுத்தக் கூடாது என்பதற்காக. பிறகு நிற்க வைத்து இடுப்புச் சதையில் வட்டங்கள் போட்டார். படுத்தால் சதை பக்கத்துக்குச் சரிந்துவிடும் என்பதால் வரைவதெல்லாம் நின்றபடிதான்.

உள்ளே நடந்ததை அவர் முன்பே தாளில் வரைந்து காட்டியிருந்தார். முதலில் இடுப்பில் லைப்போசக்‌ஷன். உப்புத் தண்ணீரில் மரத்துப்போகும் மருந்தும் ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் கலந்து கொழுப்புக்குள் ஏற்றி, அது ஊறிய பிறகு மெல்லிய குழாயால் உறிஞ்சுவது. ஜெஃப்ரி கிளைன் என்ற அமெரிக்கத் தோல் டாக்டர் 1980களில் கொண்டுவந்த முறை. அதற்கு முன்னால் கொழுப்போடு ரத்தமும் நிறையப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு எடுத்தது 1.2 லிட்டர்.

அப்புறம் சிசேரியன் தழும்பையும் சேர்த்து, இந்த இடுப்பெலும்பிலிருந்து அந்த இடுப்பெலும்பு வரை கீறல். தோலையும் கொழுப்பையும் விலா எலும்பு வரை போர்வை மாதிரி தூக்கிவிட்டு, விலகி நின்ற தசை உறைகளை நெஞ்சுக்குக் கீழேயிருந்து அடிவயிறு வரை தைத்துச் சேர்த்தார்கள். தோலைக் கீழே இழுத்து, மிஞ்சியதை வெட்டி எடுத்தார்கள். தொப்புளை வெட்டுவதில்லை. அது தன் காம்போடு அங்கேயே இருக்கும், இழுத்த தோலில் புதிதாகத் துளை போட்டு வெளியே எடுத்துத் தைப்பார்கள். நடு வயிற்றிலும் கொழுப்பை எடுத்துவிடலாமே என்று கேட்டிருந்தேன். தூக்கிய தோலுக்கு ரத்தம் பக்கங்களிலிருந்தும் மேலிருந்தும்தான் வர வேண்டும், நடுவில் அதிகம் உறிஞ்சினால் அந்தத் தோல் ரத்தம் இல்லாமல் செத்துப்போகலாம் என்றார். ஆசைக்கு எல்லை வைக்கும் டாக்டர் கிடைத்தது என் அதிர்ஷ்டம்.

மூன்றே முக்கால் மணி நேரம். கண் விழித்தபோது வலியைவிட இறுக்கம்தான் முதலில் தெரிந்தது. யாரோ நெஞ்சுக்குக் கீழே கயிறு போட்டுக் கட்டியது மாதிரி. காலில் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு கெண்டைக்காலிலும் காற்றுப் பை, ஊதி ஊதி அடங்கிக்கொண்டிருந்தது. உறையாமலிருக்கப் போடும் ஊசியை வழக்கமாக வயிற்றில்தான் போடுவார்களாம், எனக்குத் தொடையில் போட்டார்கள். மறுநாள் காலையே நடக்க வைத்தார்கள். காலில் உறையும் ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போவதுதான் இதில் உயிருக்கே ஆபத்தான விஷயம். அதனால் வலித்தாலும் நடந்தே ஆக வேண்டும்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு. பெருந்துறை தாண்டி வரும் ஒவ்வொரு வேகத்தடையும் இன்னும் எனக்கு மனப்பாடம். தலையணையை வயிற்றில் அணைத்துக்கொண்டே வந்தேன்.

முதல் பத்து நாள் நிமிரக் கூடாது. இடுப்பை மடக்கிக் குனிந்தபடிதான் நடை. மகள், “அம்மா ஏன் பாட்டி மாதிரி நடக்கறே?” என்று கேட்டுவிட்டு, தன் கையை ஊன்றுகோலாகக் கொடுத்தாள். படுப்பதும் மல்லாந்துதான். முதுகுக்கு மூன்று தலையணை, முழங்காலுக்குக் கீழே இரண்டு. இருமல், தும்மல், சிரிப்பு மூன்றுக்கும் பயந்தேன். வலி மாத்திரையால் மலச்சிக்கல் வந்தது, முக்கவும் முடியாது. முதல் நாளிலிருந்தே மலமிளக்கி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாத வீடு என்றால் அதற்கும் முன்பே வழி செய்யுங்கள்.

அடிவயிற்றிலிருந்து இரண்டு டிரெயின் குழாய்கள். நுனியில் மாதுளம்பழம் அளவில் ஒரு பல்பு. அமுக்கி மூடினால் அது உள்ளே கசியும் நீரை இழுத்துக்கொள்ளும். காலையும் மாலையும் அம்மா அதைத் திறந்து அளவு பார்த்து, பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினார். வலது 90, இடது 70. கஷாயம் போல் சிவப்பாக வந்தது, நாள் போகப் போக வைக்கோல் நிறமானது. ஒரு நாளைக்கு 30 மில்லிக்குக் கீழே இறங்கினால்தான் குழாயை எடுப்பார்கள். இடது ஏழாம் நாள், வலது பதினொன்றாம் நாள் எடுத்தார்கள். அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்துத்தான் அந்த நாட்களைத் தள்ளினேன். ஐந்தாம் நாள் ராத்திரி, எதற்காக இந்த வம்பை விலை கொடுத்து வாங்கினேன் என்று அழுதேன். “ஆகற வேலையப் பாரு கண்ணு” என்று அம்மா கருப்பட்டிக் காபி போட்டுக்கொண்டு வந்தார். இரண்டு வாரத்துக்கு இப்படி ஒரு ஆள் கூட இல்லையென்றால் இதற்குப் போகாதீர்கள். பணத்தைவிட அது முக்கியம்.

அம்மாவிடம் ஒன்றில்தான் சண்டை. வீக்கத்துக்கு ஒத்தடம் கொடுக்கிறேன் என்று வெந்நீர்ப் பையோடு வந்துவிட்டார். தொப்புளுக்குக் கீழே தோலுக்கு உணர்ச்சியே இருக்காது, சுட்டால் தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். கிள்ளிக் காட்டிய பிறகுதான் அம்மா நம்பினார்.

பதினெட்டாம் நாள் குளித்துவிட்டு வயிற்றைத் தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பியது. மறுபடி கோயம்புத்தூர். இந்த ஆபரேஷனில் அடிக்கடி வருவதுதான், செரோமா என்பார்கள். ஊசி போட்டு 80 மில்லி எடுத்தார்கள், அடுத்த வாரம் 35. மூன்றாவது முறை எடுக்க ஒன்றும் இல்லை. உணர்ச்சி இல்லாத இடம் என்பதால் ஊசி குத்தியதே தெரியவில்லை.

வயிற்றைச் சுற்றி இறுக்கிப் போடும் பெல்ட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆறு வாரம், குளிக்கும் நேரம் தவிர இரவும் பகலும். ஈரோட்டு மே மாத வெயிலில். இரண்டு வாங்கி மாற்றி மாற்றித் துவைத்துப் போட்டேன், உள்ளே மெல்லிய பருத்தி பனியன். இருந்தும் விலாவில் வேர்க்குரு. விடுமுறை கிடைக்கிறதே என்று கோடையைத் தேர்ந்தேன். முடிந்தவர்கள் மார்கழியில் செய்துகொள்ளுங்கள்.

ஜூனில் பள்ளிக்குப் போனேன். நாற்காலியில் உட்கார்ந்துதான் பாடம். ஆறு வாரம் வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது என்பதால் தண்ணீர்க் குடமும் நோட்டுக் கட்டும் பிள்ளைகள் கைக்குப் போயின. காலையில் தட்டையாக இருக்கும் வயிறு சாயங்காலம் வீங்கிவிடும். இது மூன்று நாலு மாதம் இருந்தது. எடை முதல் வாரத்தில் ஒன்றரைக் கிலோ ஏறி, பிறகுதான் இறங்கியது. ஆக மொத்தம் குறைந்தது இரண்டு கிலோகூட இல்லை.

இப்போது படுக்கையிலிருந்து எழுந்தால் அந்தக் கூம்பு வருவதில்லை. நாலு பீரியடும் நின்று எடுக்கிறேன். தழும்பு இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை சிரிப்பது போல நீளம். ஊதா நிறத்திலிருந்து பழுப்புக்கு வந்திருக்கிறது. சிலிக்கான் ஜெல் தினமும் இரண்டு வேளை போடுகிறேன். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கை அளவு இடம் இன்னும் மரத்தே இருக்கிறது. வலது பக்கம் தழும்பு முடியும் இடத்தில் தோல் சின்னதாக மடிந்து தூக்கி நிற்கிறது. ஒரு வருடம் ஆனதும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து சரிசெய்யலாம் என்றிருக்கிறார் டாக்டர். ஏப்ரலில் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறேன். தழும்பு உள்பாவாடை நாடாவுக்கு இரண்டு விரற்கடை கீழேதான் இருக்கிறது, உறுத்தவில்லை.