காடும் திராட்சையும் தொட்டுக்கொள்ளும் ஓரம்: ஃபால்ட்ஸ் மலைநடை

ஜெர்மனியின் தென்மேற்கில் ஃபால்ட்ஸ் என்றொரு வட்டாரம் இருக்கிறது. திராட்சைப் பரப்பில் அந்நாட்டிலேயே இரண்டாவது பெரியது. ரைன் சமவெளியில் ரயிலில் போகும்போது மேற்குப் பக்கம் பார்த்தால், ஹார்ட் மலைகள் சமதரையிலிருந்து சட்டென்று எழுந்து நிற்பது தெரியும். அடிவாரம் முழுக்கத் திராட்சை, மேலே முழுக்கக் காடு. இரண்டும் படிப்படியாகக் கலப்பதில்லை. ஒரு வண்டிப்பாதை அகலத்துக்குள் ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கிவிடுகிறது.

அந்த ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த மலைநடை. வெறும் காட்டுப் பாதை என்றால் மதியத்துக்கு மேல் கண்ணுக்கு வேலை இருக்காது. வெறும் தோட்டப் பாதை என்றால் வெயில் தலையில் இறங்கும். இங்கே நிழல் அலுக்கும் நேரத்தில் மரங்கள் விலகி வெளிச்சத்துக்கு வருகிறோம். வெயில் சுடும் நேரத்தில் மறுபடி உள்ளே போகிறோம்.

இப்படி ஓர் எல்லை அமைந்ததற்குக் காரணம் மண்ணுக்கு அடியில் இருக்கிறது. சில கோடி ஆண்டுகளுக்கு முன்பு ரைன் பள்ளத்தாக்கு மெல்லக் கீழே இறங்கியது. அதன் விளிம்பு உயர்ந்து நின்றது. அந்த விளிம்பில் இருப்பது சிவப்பு மணற்பாறை. அதன்மேல் படிந்த மண்ணில் சத்தும் இல்லை, தண்ணீரும் தங்காது. ஆகவே அங்கே பெரும்பாலும் பைன், பீச், ஓக் மரங்கள்தான். கீழே, காற்று அடித்துக்கொண்டுவந்து சேர்த்த நயமான மண், சுண்ணாம்பு, களி என்று வகைவகையாக இருக்கிறது. மேற்கிலிருந்து வரும் மழை மேகங்களும் பெரும்பாலும் காட்டின் மேலேயே கொட்டித் தீர்த்துவிடும். அடிவாரத்துக்குக் கிடைப்பது வெயில். ஜெர்மனியில் அத்தியும் பாதாமும் தெருவோரத்தில் காய்ப்பதைப் பார்க்க வேண்டுமானால் இங்கே வரலாம்.

பாதைகளுக்குக் குறைவே இல்லை. பெரியது ‘ஃபால்ட்ஸர் வைன்ஷ்டைக்’. வடக்கே பொக்கன்ஹைமில் தொடங்கித் தெற்கே பிரான்ஸ் எல்லையில் உள்ள ஷ்வைகன்-ரெக்டன்பாக் வரை சுமார் 170 கிலோமீட்டர், 11 கட்டங்கள். காட்டுக்குள் ஏறி, கோட்டை ஒன்றைத் தொட்டு, ஒயின் கிராமத்துக்கு இறங்கி, மறுநாள் மறுபடி ஏறும் பாதை அது. ஏற்றம் வேண்டாம் என்பவர்களுக்குத் தோட்டங்களின் ஊடாகவே போகும் கீழ்ப்பாதை ஒன்றும் இருக்கிறது. 1935-ல் திறக்கப்பட்ட ‘ஜெர்மன் ஒயின் சாலை’க்கு இணையாக, கிராமம் கிராமமாகப் போகும். என்னைக் கேட்டால் கீழ்ப்பாதைக்கு மார்ச், ஏப்ரல், மேற்பாதைக்கு அக்டோபர்.

நான் போனதும் அக்டோபரில்தான். மன்ஹைமிலிருந்து உள்ளூர் ரயிலில் அரை மணி நேரத்தில் நொய்ஷ்டாட். அங்கிருந்து ஹம்பாக் கோட்டை, ஹோஹே லோக் குன்று, கால்மிட் சிகரம், சங்க்ட் மார்ட்டின் கிராமம், கடைசியில் ஏடன்கோபன் ரயில் நிலையம். கிட்டத்தட்ட 20 கிலோமீட்டர். காலையில் சீக்கிரம் கிளம்பினால் ஒரு முழுநாள் நடைக்குச் சரியாக இருக்கும்.

முதலில் ஹம்பாக் கிராமத்தை ஒட்டிய தோட்டங்கள். கம்பம் பக்கம் பந்தலில் படரும் திராட்சையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறு ஏற்பாடு. கம்பி கட்டி, இடுப்பிலிருந்து தலை உயரம்வரை நிற்கும் கொடிகள், சரிவில் வரிசை வரிசையாக. அறுவடை பெரும்பாலும் முடிந்திருந்தது. நேரம் கழித்துப் பறிப்பதற்காக விட்டுவைத்த ரீஸ்லிங் வகைத் திராட்சை மட்டும் அங்கங்கே மஞ்சள் பூத்துத் தொங்கியது. கை நீட்டினால் எட்டும்தான். ஆனால் அது ஒருவருடைய ஒரு வருட உழைப்பு, பறிக்கக் கூடாது. அப்புறம், எங்கிருந்தோ வேட்டுச் சத்தம் கேட்டால் பயப்பட வேண்டாம். பழம் தின்ன வரும் மைனா இனத்துப் பறவைகளை விரட்ட வைத்திருக்கும் வாயு வெடி அது. காட்டுக்குள் போன பிறகும் கொஞ்ச தூரம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு செஸ்ட்நட் வளையம் வரும். இந்த நடையில் நான் அதிக நேரம் செலவழித்த இடம் அதுதான். செஸ்ட்நட் மரம் எளிதில் உளுத்துப்போகாது. இரும்புக் கம்பமும் கம்பியும் வருவதற்கு முன்னால், திராட்சைக் கொடிகளைத் தாங்கிய மரச்சட்டங்களுக்கும் ஊன்றுகம்புகளுக்கும் இதுதான் மரம். கொடிக்குப் பக்கத்திலேயே கம்புக்கான மரத்தையும் வளர்த்திருக்கிறார்கள். இன்று அந்தக் கம்புகள் தேவையில்லை, மரங்கள் மட்டும் நின்றுவிட்டன. அக்டோபரில் பாதை முழுக்க முள்பந்துகள் உதிர்ந்து கிடக்கும். கையால் தொட்டால் குத்தும். ஷூவின் குதிகாலால் மெல்ல அழுத்தி உருட்டினால் வாய் பிளந்து இரண்டோ மூன்றோ கொட்டைகள் வெளியே வரும். ஓரத்தில் இருப்பவை குண்டு, நடுவில் மாட்டிக்கொண்டது சப்பை. நுனியில் சின்னதாக ஒரு குஞ்சம் இருந்தால் அது தின்னக்கூடிய வகை. கிராமத் தெருக்களில் நிற்கும் குதிரைச் செஸ்ட்நட் பார்க்க இதைப் போலவே பளபளக்கும், ஆனால் குஞ்சம் இருக்காது; அதைத் தின்னக் கூடாது. முதியவர்கள், குழந்தைகள் என்று பலர் பையோடு வந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் ஒரு பிடி அள்ளிக்கொண்டேன். கத்தியால் தோலில் ஒரு கீறல் போட்டுவிட்டுத்தான் சுட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும்.

இந்த மரங்களுக்கு நடுவேதான் ஹம்பாக் கோட்டை. 1832 மே 27 அன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் ஊர்வலமாக இந்த மலையேறி வந்து பத்திரிகைச் சுதந்திரமும் ஒன்றுபட்ட ஜெர்மனியும் கேட்டார்கள். அப்போது இந்தப் பகுதி பவேரிய அரசின் கீழ் இருந்தது. அன்று ஏற்றிய கறுப்பு-சிவப்பு-பொன் கொடிகளில் ஒன்று இன்றும் கோட்டைக்குள் கண்காட்சியில் இருக்கிறது. என்னைத் தொட்டது இன்னொரு கொடி. வரியாலும் சுங்கத்தாலும் நொடிந்துபோன திராட்சை விவசாயிகள் தங்கள் துக்கத்தைச் சொல்லும் கறுப்புக் கொடியை அந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். மேல்மாடத்தில் நின்று பார்த்தால் அவர்களுடைய தோட்டங்கள் காலடியில் விரிகின்றன; தெளிந்த நாளில் தூரத்தில் ஷ்பையர் பேராலயத்தின் கோபுரங்களும் தெரியும். ஜெர்மன் ஜனநாயகத்தின் தொட்டில் என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருபவர்கள் பலர். கிழிந்த சட்டையோடு வந்த விவசாயியையும் அவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கோட்டையிலிருந்து ஹோஹே லோக் வரை மூச்சு வாங்கும் ஏற்றம். கோட்டை 325 மீட்டர் உயரத்தில், ஹோஹே லோக் 619 மீட்டரில். இனி திராட்சை இல்லை, பைன் ஊசிகள் மெத்தென்று விரிந்த சிவப்பு மண் பாதை. மேலே ஒரு குடில். இந்தக் குடில்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

ஃபால்ட்ஸர்வால்ட் (ஃபால்ட்ஸ் காடு) சங்கம் என்ற மலைநடைச் சங்கம் 1902-ல் தொடங்கியது. பாதைகளுக்கு வண்ணப் பட்டைகளும் குறிகளும் போட்டு வைப்பதும், காட்டுக்குள் சுமார் 100 குடில்களைப் பராமரிப்பதும் அவர்கள்தான். பெரும்பாலான இடங்களில் சங்க உறுப்பினர்களே முறை வைத்துச் சமைக்கிறார்கள், பரிமாறுகிறார்கள், பாத்திரம் கழுவுகிறார்கள். சம்பளம் கிடையாது. விலையும் அதனால் குறைவு. 2021-ல் ஜெர்மனி தன் மரபுப் பண்பாட்டுப் பட்டியலில் இந்தக் குடில் வழக்கத்தைச் சேர்த்தது. மிகவும் நியாயமான முடிவு.

நான் தட்டோடு இடம் தேடி நின்றபோது, நீள மேசை ஒன்றில் இருந்த ஒரு பெரியவர் பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து, “இங்கே இடம் இருக்கு, உட்காருங்க” என்றார். தனி மேசை கேட்கும் வழக்கமே இங்கே இல்லை. அவர்கள் நால்வர், நடுவே ஒரே கண்ணாடிக் குவளை. அரை லிட்டர் கொள்ளும். பக்கமெல்லாம் விரல் பதியும் குழிகள். எண்ணெய்க் கையோடு பிடித்தாலும் வழுக்காமல் இருக்கக் கறிக்கடைக்காரர்களுக்காகச் செய்தது என்று அதற்கு ஒரு கதை சொல்கிறார்கள். உள்ளே ஷோர்லே: ஒயினும் சோடாவும். தண்ணீர் பேருக்குத்தான். குவளை கைமாறிக் கைமாறிச் சுற்றி வந்தது, என்னிடமும் வந்தது. குடிக்காதவர்களுக்குத் திராட்சைச் சாறும் சோடாவும் கலந்து கிடைக்கும், நடைக்கு நடுவே அதுவே நல்லது. சைவம் சாப்பிடுபவர்கள் பூண்டும் மூலிகையும் கலந்த வெள்ளைத் தயிர்க்கட்டியும் அவித்த உருளைக்கிழங்கும் கேளுங்கள். அநேகமாக எல்லாக் குடிலிலும் உண்டு. ஒன்று மட்டும்: எல்லாக் குடிலும் எல்லா நாளும் திறந்திருக்காது. பெரும்பாலும் சனி, ஞாயிறு, சில இடங்களில் புதனும். ரொக்கமாகப் பணம் கொண்டுபோங்கள்.

கால்மிட் 673 மீட்டர், இந்தக் காட்டின் மிக உயரமான இடம். அங்கே வரை வண்டிச் சாலை வந்துவிடுவதால் கூட்டம் அதிகம். நான் அதிகம் நிற்கவில்லை. அதற்குப் பக்கத்து முகட்டில் உடைந்து சரிந்த மணற்பாறைகள் குவிந்து கிடக்கும் இடம்தான் அழகு. பாறைமேல் கை வைத்தால் மணல் உதிர்ந்து விரலில் ஒட்டுகிறது. கீழே தோட்டங்களில் வீட்டுச் சுவர், வாசல் வளைவு, கிணற்றுக் கல் என்று எல்லாம் இதே கல்தான்.

இறக்கத்தில் பைன் முடிந்து, செஸ்ட்நட் வந்து, மறுபடி வெளிச்சம். சங்க்ட் மார்ட்டின் பழைய ஒயின் கிராமம். வாசல்களில் புளித்துக்கொண்டிருக்கும் புது ஒயின் விற்றார்கள், வெங்காய அப்பத்தோடு. கலங்கலாக, இனிப்பாக, நாக்கில் குறுகுறுக்கும். அது இன்னும் பொங்கிக்கொண்டிருப்பதால் புட்டியை இறுக மூட மாட்டார்கள். முதுகுப்பையில் படுக்கவைத்தால் துணியெல்லாம் நனையும். நிமிர்த்திக் கையில் பிடித்துக்கொண்டே ரயிலேறுங்கள்.

இன்னும் ஒரு நாள் இருந்தால் ஏடன்கோபனிலிருந்து ரோட் கிராமத்துக்குப் போகலாம். பதினேழாம் நூற்றாண்டில் நடந்த முப்பதாண்டுப் போருக்கு முந்தையவை என்று சொல்லப்படும் டிரமினர் வகைத் திராட்சைக் கொடிகள் அங்கே உண்டு. மரத்தின் அடிப்பகுதிபோல் தடித்து முறுக்கிக்கொண்டு நிற்கும் அவை இன்னும் காய்க்கின்றன. அங்கிருந்து ரீட்புர்க் கோட்டை இடிபாட்டுக்கு ஏற முடியாதவர்களுக்கு 1954 முதல் தொங்கு நாற்காலி ஓடுகிறது.

நான் அடுத்துப் போக நினைப்பது தெற்குப் பகுதி. லாண்டாவிலிருந்து ரயிலில் அன்வைலர்; அங்கிருந்து, 1193-ல் இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டைச் சிறைவைத்த டிரிஃபெல்ஸ் கோட்டை; பிறகு மலைமுகட்டிலேயே நடந்து மாடன்புர்க் கோட்டை; கடைசியில் எஷ்பாக் தோட்டங்களுக்கு இறக்கம். பாதாம் பூக்கும் மார்ச்சில் போனால் கொடிகளில் இலை இருக்காது, கீழ்ச்சரிவின் அமைப்பு முழுக்கத் தெரியும் என்று குடிலில் அந்தப் பெரியவர் சொன்னார்.