வினைத்திறனைக் கணக்கிடும் முன் ஸ்பினைக் கவனியுங்கள்

எலக்ட்ரான் அடர்த்தியிலிருந்து மூலக்கூறின் ஆற்றலைக் கணிக்கும் அடர்த்திச் சார்பியக் கோட்பாட்டைக் கொண்டு, அதாவது டிஎஃப்டியைக் கொண்டு, வினைத்திறனை ஆராய வருகிறவர்கள் பலரும் ஃபுகுயி சார்பிலிருந்து தொடங்குகிறார்கள். எலக்ட்ரான் கூடினாலோ குறைந்தாலோ மூலக்கூறில் எந்த இடத்தில் அடர்த்தி அதிகம் மாறும் என்று காட்டுவது அது. எலக்ட்ரான் எண்ணிக்கை மாறுவதை மூலக்கூறு எதிர்க்கும் பண்பான கடினத்தன்மைக்குப் பார்ரும் பியர்சனும் 1983-இல் கணித வரையறை தந்தார்கள். மறு ஆண்டே பார்ரும் யாங்கும் ஃபுகுயி சார்பை முன்வைத்தார்கள். சூத்திரங்கள் எளியவை, விரைவில் பிடிபட்டுவிடும். நேரம் செலவிட வேண்டிய இடம் ஸ்பின், அதாவது எலக்ட்ரானின் தற்சுழற்சிப் பண்பு. வாய்மொழித் தேர்வில் மாணவர்கள் திணறுவதும் அங்கேதான்.

“மொத்த எலக்ட்ரான் அடர்த்தியே போதும் என்று ஹோஹன்பெர்க்கும் கோனும் 1964-இல் நிறுவிவிட்டார்களே, பிறகு அதை ஆல்ஃபா, பீட்டா என்று இரு ஸ்பின்களாக ஏன் பிரிக்கிறீர்கள்?” இந்தக் கேள்விக்குத் தயாராக இருங்கள். காந்தப்புலம் இல்லாதபோது, துல்லியமான சார்பியத்துக்கு (அடர்த்தியிலிருந்து ஆற்றலைத் தரும் கணித விதிக்கு) மொத்த அடர்த்தியே போதும். நம் கையில் இருப்பவையோ தோராயமானவை. இணையில்லா எலக்ட்ரான்கள் இருக்கும் மூலக்கூறுகளில், இரண்டு அடர்த்திகளையும் தனித்தனியே கொடுத்தால்தான் அவை நல்ல விடை தருகின்றன.

அடுத்து ஆக்சிஜன் மூலக்கூறை எடுத்துக்கொள்ளுங்கள், மடிக்கணினியே போதும். அதன் அடிநிலை டிரிப்லெட், அதாவது இணையில்லா இரண்டு எலக்ட்ரான்களின் ஸ்பின்களும் ஒரே திசையில் இருக்கும் நிலை. விறகும் காகிதமும் சாதாரண வெப்பநிலையில் தானாகப் பற்றி எரியாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்பது எனக்கு இன்றும் வியப்புதான். மல்டிபிளிசிட்டி (மொத்த ஸ்பினின் இருமடங்குடன் 1 கூட்டியது) 3 என்று கொடுத்தால், மொத்த ஸ்பினின் அளவைக் காட்டும் எஸ்-ஸ்கொயர் மதிப்பு 2-ஐ ஒட்டி வரும். 1 என்று, அதாவது ஸ்பின்கள் ஒன்றையொன்று நீக்கும் சிங்லெட் என்று கொடுத்தால், மென்பொருள் வழக்கமாக இரண்டு எலக்ட்ரான்களையும் ஒரே பை எதிர்ப்பிணைப்பு ஆர்பிட்டாலில் அடைத்துவிடும். ஆற்றல் மிகையாக உயரும். தொடக்க ஊகத்தில் ஹோமோவையும் (நிரம்பிய ஆர்பிட்டால்களில் உச்சமானது) லூமோவையும் (காலியானவற்றில் மிகத் தாழ்ந்தது) கலந்து, ஸ்பின் கட்டுப்பாடு இல்லாத முறையில், அதாவது ஆல்ஃபாவுக்கும் பீட்டாவுக்கும் தனித்தனி ஆர்பிட்டால்கள் தந்து, மீண்டும் ஓட்டுங்கள். இப்போது எஸ்-ஸ்கொயர் 0-க்கு வராமல் 1-க்கு அருகில் நிற்கும். சிங்லெட்டும் டிரிப்லெட்டும் ஏறக்குறையப் பாதிக்குப் பாதி கலந்திருக்கின்றன என்று பொருள். ஆகவே டிரிப்லெட்டுக்கும் சிங்லெட்டுக்கும் இடையே கிடைக்கும் ஆற்றல் இடைவெளியும் சோதனை மதிப்பான 0.98 எலக்ட்ரான் வோல்ட்டில் பாதியளவுதான் இருக்கும். இந்தக் கலப்பின் விளைவை ஆற்றலிலிருந்து நீக்கும் யாமாகுச்சி திருத்தம் அதை ஏன் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்குகிறது என்பதைத் தாளில் எழுதிப் பாருங்கள். இதைச் செய்தவர்களுக்கு ஸ்பின் கலப்பு பற்றித் தனியாக மனப்பாடம் தேவைப்படாது.

ஸ்பின் விளைபொருளையே மாற்றுவதைக் காண மெத்திலீன் (CH₂) போதும். சிங்லெட் மெத்திலீன் சிஸ்-2-பியூட்டீனுடன் சேர்ந்தால் சிஸ் வளையமே (இரு மெத்தில் தொகுதிகளும் ஒரே பக்கம் இருப்பதே) உருவாகும். டிரிப்லெட் சேர்ந்தால், வளையம் மூடுவதற்கு ஒரு ஸ்பின் திரும்ப வேண்டும். அதற்குள் பிணைப்பு சுழன்றுவிடுவதால் சிஸ், டிரான்ஸ் இரண்டும் கலந்து வரும்.

இதற்குப் பிறகு ஃபுகுயி சார்புக்கு வாருங்கள். வடிவத்தை மாற்றாமல் ஓர் எலக்ட்ரானைக் கூட்டியும் கழித்தும் கணக்கிடுகிறோம். இணையான எலக்ட்ரான்கள் மட்டுமே கொண்ட மூலக்கூறு இரண்டு முறையும் டப்லெட் (ஓர் இணையில்லா எலக்ட்ரான் கொண்ட நிலை) ஆகும். அங்கே எஸ்-ஸ்கொயர் 0.75-இலிருந்து வெகுவாக விலகினால், எந்த அணு தாக்கப்படும் என்று எழுத அவசரப்பட வேண்டாம்.

இரும்புச் சேர்மங்களில் இன்னும் கவனம் தேவை. ஹார்ட்ரீ-ஃபோக் பரிமாற்றம் (ஆர்பிட்டால்களிலிருந்து நேரடியாகக் கணக்கிடும் பரிமாற்ற ஆற்றல்) கலக்காத சார்பியங்கள் பொதுவாகக் குறைந்த ஸ்பின் நிலையின் பக்கம் சாய்கின்றன. அதன் பங்கு கூடக் கூட உயர் ஸ்பின் நிலை கீழே இறங்குகிறது. பி3எல்ஒய்பி என்ற சார்பியத்தில் அந்தப் பங்கு 20 சதவீதம். எனவே பங்கு வேறுபடும் இரண்டு சார்பியங்களிலாவது கணக்கிட்டு, நிலைகளின் வரிசை மாறினால் அதை ஆய்வேட்டிலேயே வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.