'படர்க்கை' என்று எழுதி மூன்று மதிப்பெண் வாங்கிய கதை

"இக்கதை படர்க்கையில் சொல்லப்பட்டுள்ளது, எனவே நடுநிலையாக உள்ளது." 'கதையை யார் சொல்கிறார், அதனால் என்ன விளைகிறது?' என்ற சிறுகதை வினாவுக்கு நான் எழுதிய விடையின் முதல் வரி இது. பத்துக்கு மூன்று கிடைத்தது. ஓரத்தில் சிவப்பு மையில் ஒரே சொல்: "எப்படி?"

எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் கேள்வி சரி. 'அவன் கதவைத் திறந்தான். அவள் முகம் வாடியிருந்தது. தன்மேல்தான் கோபம்.' படர்க்கைதான், ஆனால் முழுக்க அவன் தலைக்குள் இருந்து சொல்லப்படுகிறது. அவளுக்குக் கோபமே இல்லாமல் இருக்கலாம். இதில் நடுநிலை எங்கே?

அப்புறம் ஒரு பயிற்சியைப் பழக்கமாக்கினேன். படிக்கும் கதையில் ஒரு பத்தியை எடுத்து, வேறொருவர் வாயால் சொல்லிப் பார்ப்பது. ஒரு சிறுமி சொல்வதாக வைத்துக்கொள்வோம்: 'அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். அம்மா குழாயை மூடவே இல்லை.' இதையே அம்மா சொன்னால்: 'இனி அவர் வரமாட்டார். என் அழுகை வெளியே கேட்கக் கூடாதென்று குழாயைத் திறந்துவிட்டேன்.' தகவல் கூடிவிட்டது, கதை செத்துவிட்டது. சிறுமிக்குப் புரியாததை நாம் புரிந்துகொள்வதில்தான் வலி இருந்தது. இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டினாலே விடையில் பாதி முடிந்த மாதிரி.

அமெரிக்க எழுத்தாளர் வில்லியம் ஃபாக்னரின் 'எமிலிக்கு ஒரு ரோஜா' (1930) கதையை இப்படிப் படித்தபோதுதான் பிடிபட்டது. அதைச் சொல்வது 'நாங்கள்', அதாவது ஊர். ஊருக்கு எமிலியின் வீட்டு வாசல் தெரியும், மாடி அறை தெரியாது. அவள் இறந்த பிறகே அந்த அறையின் கதவை உடைக்கிறார்கள். கடைசிப் பத்தி வரை ரகசியம் தாங்குவதற்கு அதுவே காரணம். எமிலியே 'நான்' என்று சொல்லியிருந்தால் அதை மறைக்க ஆசிரியர் படாதபாடு பட்டிருப்பார்.

தேர்வு அறையில் எழுதத் தொடங்கும் முன் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். கதைசொல்லிக்குத் தெரிந்தது ஒரு பக்கம், தெரியாதது மறுபக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது பட்டியலிலிருந்து விடையைத் தொடங்கினால் கதைச்சுருக்கம் எழுதும் ஆசை தானாக அடங்கும். 'நான்' என்று வந்தவுடன் அது ஆசிரியர்தான் என்று எழுதிவிடாதீர்கள். அந்தத் தப்பையும் நான் செய்திருக்கிறேன்.

'நீ' என்று முன்னிலையில் நகரும் கதைகள் குறைவு. நேரம் மிஞ்சினால் பார்த்துக்கொள்ளலாம்.