311 நானோமீட்டர்

விலாவிலும் மேற்கையின் உட்புறத்திலும் மிளகளவுச் செந்தடிப்புகள் எழுந்தபோது, படர்தாமரை என்று நானே முடிவு செய்து இரண்டு மாதம் களிம்பு தடவினேன். பழையவை பழுப்பேறி உதிர, பக்கத்தில் புதியவை முளைத்தன. நகத்தால் மெல்ல நெம்பினால் செதில் காக்காப்பொன் தகடு போல முழுதாகக் கழன்று வரும். அடியில் இரத்தம் கசியாது, பளபளப்பான பழுப்புத் தோல்தான் தெரியும். அந்தச் செதிலைப் பார்த்துத்தான் தோல் மருத்துவர் திசுப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்த பெயர் பிட்டிரியாசிஸ் லிக்கெனாய்டிஸ் க்ரோனிகா.

அரிய நோய், ஒட்டாது, புற்றுநோயும் அன்று என்றார் மருத்துவர். மிக அரிதாகத் தோலின் நிணநீர்ப் புற்றாக மாறியதும் உண்டு என்பதால் கண்காணிப்பை மட்டும் விடக்கூடாதாம். தீங்கற்றது என்ற சொல் உயிருக்குப் பொருந்தலாம். அரைக்கைச் சட்டை போடுவதையே விட்டுவிட்டவனுக்கு அது பெரிய ஆறுதலாக இல்லை.

புற ஊதா ஒளியில் நிற்கச் சொன்னபோது, அதற்கு வெயிலே போதாதா என்று கேட்டேன். வெயிலில் சிலருக்கு இது தணிவது உண்மைதான், ஆனால் அதில் பல அலைநீளங்கள் கலந்திருக்கின்றன, அளந்து கொடுக்கவும் முடியாது என்று விளக்கினார். 311 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய யுவிபி (புற ஊதா பி) கற்றை தோலின் மேலடுக்குகளோடு நின்று, அங்கே வரம்பு மீறித் திரியும் டி அணுக்கள் எனும் நோயெதிர்ப்பு வெள்ளையணுக்களை அடக்குகிறது.

ஆளுயரக் குழல்விளக்குகள் சூழ்ந்த பெட்டிக்குள், கறுத்த கண்காப்புடன், பிறப்புறுப்பை மறைத்துக்கொண்டு நின்றேன். மின்விசிறி இரைந்தது, வெளிச்சம் பழகுமுன்பே விளக்கு அணைந்துவிட்டது. முதல் நாள் அளவு சில நொடிகள்தான். வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் தோல் சிவந்ததா என்று கேட்டுவிட்டே நேரத்தைக் கூட்டினார்கள். காய்ச்சலால் ஒரு வாரம் போகாமல் விட்டதற்கு, அளவைக் குறைத்துப் பின்னோக்கிப் போக வேண்டியதாயிற்று. எரிச்சலாக இருந்தாலும் அது நியாயமே. கூடுதல் நொடிகள் தோலைச் சுட்டுவிடும்.

மூன்றாம் மாதம் தடிப்புகள் அமுங்கின. சுற்றியுள்ள தோல் கறுத்ததால், அவை இருந்த இடங்கள் வெளிறிய புள்ளிகளாக முன்னைவிட எடுப்பாகத் தெரிந்தன. சிகிச்சையை நிறுத்தி ஐந்து வாரமாகிறது. நேற்றுக் குளிக்கும்போது இடது விலாவில் புதிதாக இரண்டு கையில் தட்டுப்பட்டன.