பள்ளியின் வரலாறு பதிவேட்டில் இருக்கிறது

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில், அரசு கள்ளர் உயர்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளராகப் பல வருஷம் வேலை பார்த்தேன். அந்தப் பள்ளி இப்போது மேல்நிலைப் பள்ளி. சாலையோரம் புதுக் கட்டடமும் வந்துவிட்டது. பழைய மாணவர்கள் பள்ளிக்கு நினைவு மலர் ஒன்று போடப்போவதாகச் சொல்லி, உயர்நிலைப் பள்ளியாக இருந்த கால வரலாற்றை என்னிடம் எழுதிக் கேட்டார்கள். அவர்கள் கையில் கல்வெட்டில் இருக்கிற பெயர்களும் தலைமையாசிரியர் பட்டியலும் இருந்தன. அதை வைத்து இந்தப் பள்ளியின் வரலாற்றை எழுத முடியாது என்று சொன்னேன். அது சேர்க்கைப் பதிவேட்டில் இருக்கிறது.

இந்தப் பக்கத்துக்காரர்களுக்குப் பள்ளி எப்படி வந்தது என்று தெரியும். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கள்ளர் போன்ற சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக நடத்திய, வெள்ளைக்காரர் காலத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் என்றே சொல்வார்கள். ஆம்பளைகள் ரேகை பதிய வேண்டும், ராத்திரியில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ போய்ப் படுக்க வேண்டும். அதை எதிர்த்து நின்றதற்குத்தான் 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மாயக்காள் என்ற பெண்ணும் அதில் உயிரிழந்தார். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார். அவரை ‘ரோசாப்பூ துரை’ என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். அந்தக் காலகட்டத்தில்தான் கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் அரசு பள்ளிகளைத் திறந்தது. சட்டம் 1947-ல்தான் நீங்கியது. ஆக, அப்பனிடம் ரேகை வாங்கிய அதே அரசுதான் பிள்ளை கையில் பலகையைக் கொடுத்திருக்கிறது. இரண்டையும் சேர்த்து எழுதாவிட்டால் அது வரலாறு ஆகாது.

கள்ளர் பள்ளி என்று பெயர் இருந்தாலும் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படித்தார்கள். நிர்வாகம் மட்டும் தனி. மதுரையில் இருக்கும் கள்ளர் சீரமைப்பு அலுவலகம் எங்களுக்கு மேலிடம், பொதுத் தேர்வு என்றால் தேர்வுத் துறை. இரண்டு பக்கமும் கடிதம் எழுதியே எனக்குப் பாதிப் பொழுது போகும்.

டி.சி. அடிக்கட்டைகளைப் புரட்டினால் ரப்பர் முத்திரையே கதை சொல்லும். தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி, உயர்நிலைப் பள்ளி என்று முத்திரை மாறிக்கொண்டே வரும். 1969-ல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு என்று மாறிய பிறகும் கொஞ்ச நாள் பழைய ‘மதராஸ்’ முத்திரையையே குத்தியிருக்கிறார்கள். 1978-ல் மேல்நிலைக் கல்வி வந்து, பதினொன்றாம் வகுப்போடு முடிந்த எஸ்.எஸ்.எல்.சி. பத்தாம் வகுப்போடு நின்றது. எங்கள் பிள்ளைகள் பத்தாவதுக்குப் பிறகு உசிலம்பட்டிக்குத்தான் போக வேண்டும். போகாமல் நின்றவர்கள்தான் அதிகம்.

பதிவேட்டில் நான் நின்று படித்த இடம் பிறந்த தேதி. பழைய பக்கங்களில் பாதிப் பேர் மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்கள். பள்ளி திறக்கிற ஜூனில் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டுமே! வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட்டால் வயது சரி. வாத்தியார் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். தாய்மார்களுக்கு வேறு கணக்கு இருந்தது. “அழகர் ஆத்துல எறங்குன மறுவாரம் பெறந்தான் சாமி”, “வைகை டேம் தெறந்த வருசம்” என்பார்கள். வைகை அணை 1959 என்பதால் அந்த வருஷமாவது சரியாக விழுந்தது. பின்னாளில் அந்த வாத்தியார் போட்ட தேதியில்தான் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள், போலீஸ் வேலை கிடைத்தது, பென்ஷனும் கணக்கானது.

பெண் பிள்ளைகள் பக்கத்தைப் படிக்க மனசு கனக்கும். போதும்பொண்ணு, போதுமணி என்று ஒரே பக்கத்தில் இரண்டு மூன்று பேர் இருப்பார்கள். நீங்கிய காரணம் என்ற கட்டத்தில் ‘வயது வந்ததால் நிறுத்தம்’ என்று ஒரே வரி. எட்டாம் வகுப்புக்கு மேல் அந்தப் பெயர்கள் இருக்காது. 1989-ல் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் திருமண உதவித் திட்டம் வந்தது. எட்டாவது வரை படித்த பெண்ணுக்கு 5,000 ரூபாய். கல்யாணத்துக்காகப் படிக்க வைக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. நான் அப்படிப் பேச மாட்டேன். எந்தக் காரணத்துக்காக அனுப்பினாலும் அந்தப் பிள்ளை வகுப்பில் உட்கார்ந்தது. பதிவேட்டில் ‘நிறுத்தம்’ குறைந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அப்புறம் ஒரு போதும்பொண்ணு ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டுச் சான்றிதழ் நகல் வாங்க வந்தார். அன்று தலைமையாசிரியர் எழுந்து நின்று அவரை உட்காரச் சொன்னார்.

பழைய பதிவேட்டைக் காகிதம் என்று நினைப்பவர்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ரேகைச் சட்டத்தில் இருந்து நீக்கப்பட்ட சாதிகளைச் சீர்மரபினர் என்பார்கள். அந்த வகுப்பின் பெயரை 1979-ல் சீர்மரபுப் பழங்குடியினர் என்பதிலிருந்து சீர்மரபுச் சமூகத்தினர் என்று மாற்றினார்கள். 2019-ல், மத்திய அரசு தேவைக்குச் சீர்மரபுப் பழங்குடியினர் என்றே சான்று தரலாம் என்று ஆணை வந்தது. பேரனுக்குச் சான்று வாங்க, தாத்தாவின் சேர்க்கையைத் தேடி வந்து நிற்பார்கள். தாத்தாவின் பெயர், சேர்ந்த வருஷம், சாதிக் கட்டம், ‘வலது முழங்கையில் மச்சம்’ என்ற அங்க அடையாளம் எல்லாம் எடுத்துக் கொடுப்பேன். சிலர் தாத்தாவின் விண்ணப்பத்தையும் காட்டச் சொல்வார்கள். அதில் பெற்றோர் கையொப்பத்துக்கு எதிரே முப்பாட்டனின் பெருவிரல் ரேகை இருக்கும். காவல் நிலையத்தில் வைத்த அதே விரல். அடுத்த தலைமுறை விண்ணப்பத்தில் கோணல்மாணலாக ஒரு கையெழுத்து. அதற்கடுத்த தலைமுறையில் ஆங்கிலத்தில் சுழித்த கையெழுத்து. மலரில் இந்த மூன்றையும் பெயரை மறைத்துப் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.

இப்போது எல்லாமே எமிஸ் என்ற கல்வித் துறைக் கணினிப் பதிவில் போகிறது, வேலையும் சுலபம். ஆனால் கணினி வருவதற்கு முன்னால் படித்தவர்கள் அதில் இல்லை. அவர்கள் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறார்கள். பழைய கட்டடத்தின் ஓட்டுக்கூரை மழைக்கு ஒழுகும், சுவரோரம் கரையான் ஏறும். நாங்கள் நாப்தலின் உருண்டை போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயவைத்து எடுத்து வைத்தோம். புதுக் கட்டடத்துக்கு மேஜை நாற்காலியெல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டன. பதிவேட்டு பீரோ இன்னும் பழைய அறையில்தான் இருக்கிறது. மலர்க்குழுவில் வசதியானவர்கள் இருக்கிறார்கள். மலரை வழவழப்புத் தாளில் அடிக்க ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை எடுத்து, தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்கி, அடுத்த மழைக்கு முன்னால் எல்லாப் பதிவேட்டையும் ஸ்கேன் செய்து விடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். பக்கம் புரட்டிக் கொடுக்க நானே வருகிறேன்.