அம்மாவின் மறதியும் தெப்பக்குளத்து நடையும்

அம்மாவுக்கு 71 வயது. தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பல வருடங்களாகச் சீட்டு நடத்துபவர். கட்டி முடித்த தவணையை மறுபடியும் கேட்டு வந்தார் என்று பக்கத்து வீட்டு அக்கா தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த மாதமும் அப்படியே நடந்தது. மருத்துவரிடம் போகலாம் என்றால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று கோபம். "சீட்டைக் காப்பாற்றவாவது வாம்மா" என்று தம்பி சொன்ன பிறகுதான் கிளம்பினார்.

நரம்பியல் மருத்துவர் மூன்று சொற்களைச் சொல்லி நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பிறகு 100லிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னார். 93, 86, 79, 72, 65 என்று அம்மா தடங்கலின்றிச் சொன்னார். ஐந்தாம் வகுப்புடன் படிப்பை நிறுத்தியவர்! எனக்குப் பெருமையாக இருந்தது. அடுத்து அந்த மூன்று சொற்களைக் கேட்டார். "எந்தச் சொல்?" என்றார் அம்மா. வயிற்றைப் பிசைந்தது. கணக்கு அத்தனை கூர்மையாக இருந்ததால்தான் நினைவின் குறை வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது.

தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12, தலை ஸ்கேன், காது எல்லாம் பார்த்தார்கள். பி12 மிகவும் குறைவாக இருந்ததால் ஊசி தொடங்கினார்கள். மறதி என்றதும் மருந்துக்கடையில் ஞாபகசக்தி மாத்திரை வாங்கித் தருபவர்களிடம் கெஞ்சிக் கேட்கிறேன்: முதலில் இந்தப் பரிசோதனைகளைச் செய்யுங்கள். சரிசெய்யக்கூடிய காரணம் ஏதாவது ஒளிந்திருக்கலாம்.

அம்மாவுக்கு இருப்பது டிமென்ஷியா என்னும் மறதிநோய் அல்ல, அதற்கு முந்தைய லேசான நிலை என்றார் மருத்துவர். இந்த நிலையில் இருக்கும் எல்லோருக்கும் அது டிமென்ஷியாவாக முற்றுவதில்லை. மருந்துச் சீட்டில் தினசரி நடை என்றும் எழுதினார். நடந்தால் மறதி போய்விடுமா என்று கேட்டேன். அப்படி வாக்குத் தர அவர் மறுத்தது எனக்குப் பிடித்திருந்தது.

வீட்டுக்கு வந்து படித்தேன். 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில், முதியவர்கள் 120 பேரில் ஒரு பாதியினர் ஒரு வருடம் நடந்தார்கள். நினைவுக்கு ஆதாரமான ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி அவர்களுக்குச் சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. தசையை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்குச் சுருங்கியிருந்தது. ஆனால் 2018இல் பிரிட்டனில், ஏற்கெனவே டிமென்ஷியா வந்தவர்களுக்குக் மிதமானது முதல் கடுமையானது வரை உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்தபோது சரிவு மெதுவாகவில்லை. முற்றும்வரை காத்திருக்கக் கூடாது என்பதை இதிலிருந்துதான் எடுத்துக்கொண்டேன்.

நடக்க வைப்பதுதான் பெரும்பாடு. முழங்கால் வலி, தெருநாய், விழுந்துவிடுவோமோ என்ற பயம். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை தொடங்கி, நிமிடங்களை மெல்லக் கூட்டி, பிறகு மதுரை வண்டியூர் தெப்பக்குளத்துக்கு மாற்றினோம். ஒரு சுற்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் வரும். மூச்சு வாங்கினால் உட்காரக் குளத்துச் சுவர் இருக்கிறது. நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் சரியான வேகம் என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்தார்.

நான் கூட நடந்தபோது அம்மா பாதியில் திரும்பிவிடுவார். சீட்டுக்காரப் பெண்கள் இருவர் சேர்ந்துகொண்ட பிறகு என்னைத் தேடவில்லை. யார் வீட்டில் கல்யாணம், யார் இந்த மாதம் சீட்டு எடுப்பது என்று பேச்சு ஓடும், கால்களும் ஓடும். அந்தப் பேச்சும் மூளைக்கு வேலைதான் என்று உறுதியாக நம்புகிறேன்.

நடை மட்டும் போதாது. உலக சுகாதார நிறுவனம் 65 வயதைக் கடந்தவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்புடன் தசை வலுவுக்கு இரண்டு நாள், தடுமாறாமல் நிற்க மூன்று நாள் பயிற்சி சொல்கிறது. அம்மா கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருகிறார். சமையல் மேடையைப் பிடித்தபடி ஒற்றைக்காலில் நிற்கிறார். நாங்கள் யாராவது பக்கத்தில் இருப்போம்.

மறுபரிசோதனையில் மூன்று சொற்களில் இரண்டைச் சொன்னார். ஊசியாலா, நடையாலா என்று பிரித்துச் சொல்ல முடியாது என்றார் மருத்துவர். சீட்டு நோட்டில் இப்போது என் தம்பி மனைவியும் கூடவே பதிவு போடுகிறாள். வலது காது மந்தம் என்று தெரிந்தும் அம்மா மெஷின் வைக்க மறுக்கிறார். கேட்கும் திறன் குறைவதும் டிமென்ஷியா அபாயத்தைக் கூட்டும் என்பதால், இப்போது அதற்காக அவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோம்.